எறும்பு ஏறிய தக்காளிப் பாத்தி

ஒரு சாம்ராஜ்யத்தின் ஆரோக்கியம் அதன் இலைகளின் நிறத்தில் தெரியும் என்பது ரெமிஜியஸ் பிள்ளையின் தீர்மானமான கருத்து. ரோமாபுரி விழுந்ததற்குக்கூட இதுதான் காரணம் என்று, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் அவர் விளக்கியிருக்கிறார். அவருடைய சொந்த சாம்ராஜ்யம் பதினெட்டடி நீளம், நாலடி அகலம். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் வீட்டுக் குளியலறையின் பின்கதவில் தொடங்கிக் கிணற்றடி வாழையில் முடிகிற ஒரு தக்காளிப் பாத்தி.

பாத்தியில் பன்னிரண்டு செடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கழி, கழியில் ஒரு தகர வில்லை, வில்லையில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். பின்கதவை ஒட்டியது ஒன்று. வாழையை ஒட்டியது பன்னிரண்டு. ராணுவக் கணக்கு ஆபீசில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டி சூப்பரின்டெண்டாக ரிட்டயரானவர் அவர். நம்பர் இல்லாத எதன்மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஜனவரிக் கடைசியில் நடக்கும் காய்கறிக் கண்காட்சியில் ஒரு தட்டில் ஆறு தக்காளி வைத்து வெள்ளிக் கோப்பை வாங்குவது என்று முடிவு செய்திருந்தார். கோப்பை வைக்க ஹாலில் கண்ணாடி அலமாரியும் தயாராகிவிட்டது. இனித் தக்காளி காய்க்க வேண்டியதுதான் பாக்கி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், டிசம்பர் இரண்டாம் வாரத்தில், செடி நம்பர் ஒன்றில் அடியிலை மஞ்சளாயிற்று. தோட்டக்காரன் ஆம்ப்ரோஸ் தன் நாட்களை எண்ண ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான்.

அவன் அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அவனுக்கு முன்னால் இருந்தவன், காலிப்ளவர் பூ விரிந்துபோன குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டான். அதற்கும் முன்னால் இருந்தவனை ரோஜா அனுப்பிவைத்தது. காம்பவுண்டின் கோடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் ஆம்ப்ரோஸும் அவன் பெண்சாதி பெர்னதெத்தும் குடியிருந்தார்கள். அவளுக்கு ஏழு மாதம். அறையும் சம்பளத்தோடு சேர்ந்தது. சம்பளம் போனால் அறையும் போகும்.

மறுநாள் காலை பனி விலகுவதற்குள் ரெமிஜியஸ் பிள்ளை கைத்தடியோடு பாத்திக்கு வந்தார். கோட்டு, மப்ளர், தொப்பி. செடியைப் பார்க்க வருகிறாரா, கவர்னரைப் பார்க்கப் போகிறாரா என்று சொல்ல முடியாது.

“ஆம்ப்ரோஸ்.”

“ஐயா.”

“இது என்ன கலர்?”

ஆம்ப்ரோஸ் குனிந்து பார்த்தான். கேள்வி இவ்வளவு சுலபமாக இருப்பதே பயமாக இருந்தது. “கொஞ்சம் பழுத்தாப்ல கீதுங்க.”

“மஞ்சள். எல்லோ. நேத்து எத்தனை இலை, இன்னைக்கு எத்தனை?”

“எண்ணலீங்க.”

“எண்ணலை.” அந்த வார்த்தையை அவர் ஒரு குற்றப்பத்திரிகை மாதிரி வாசித்தார். “இதோ பார். ராஜாக்கள் திருநாள் வரைக்கும் டைம். ஜனவரி ஆறு. அன்னிக்குக் காலையில எனக்கு ப்ராப்பர் எக்ஸ்ப்ளனேஷன் வேணும், செடியும் பச்சையாகியிருக்கணும். இல்லைன்னா ரூமைக் காலி பண்ணிடு. பவுலின்! தண்ணி!”

உள்ளேயிருந்து அவர் மனைவி பவுலின் அம்மாள் கூஜாவோடு வந்தாள். அவர் நின்ற நிலையிலேயே கூஜாவைக் காலி செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பெங்களூரில் பல் கிட்டிக்கிற டிசம்பர் காலை அது.

ஆம்ப்ரோஸ் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தான். இலையைத் திருப்பி அசுவினி இருக்கிறதா என்று பார்த்தான், இல்லை. தண்டை ஒட்டி மண்ணைக் கிளறிப் புழு தேடினான், இல்லை. மஞ்சளான இலைகளைக் கிள்ளிக் கொண்டுபோய் அடுப்பில் போட்டான். தண்ணீர் அதிகமோ என்று ஒருநாள் குறைத்தான். குறைவோ என்று மறுநாள் கூட்டினான். மஞ்சள் இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. நம்பர் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போயிற்று, இரண்டிலிருந்து மூன்றுக்கு. இலையின் ஓரம் கருகி, நெருப்புக் காட்டிய அப்பளம் மாதிரி சுருண்டது. கிறிஸ்துமசுக்கு நாலு நாள் இருக்கும்போது எட்டு செடிகள் படுத்துவிட்டன. ஆச்சரியம் என்னவென்றால், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நாலு செடியும் கரும்பச்சையாக, கொழுகொழுவென்று நின்று காய்த்துக்கொண்டிருந்தன. அந்தத் தெருவிலேயே அப்படித் தக்காளி கிடையாது. ஒரே விதை, ஒரே எரு, ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆம்ப்ரோசுக்கு அந்த நாலு செடியைப் பார்க்கத்தான் அதிகமாகப் பயமாக இருந்தது.

ரெமிஜியஸ் பிள்ளை கம்பவுண்டர் ஜெயராஜை வரவழைத்தார். ஜெயராஜ் ஒரு டிஸ்பென்சரியில் பொடி மடிக்கிறவர். டாக்டர் ஊருக்குப் போகிற நாட்களில் அவரே டாக்டர். செடியின் தண்டை இரண்டு விரலால் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“சார், இதுக்கு உள்ள அடைப்பு. கழிவு எறங்கல. மனுஷனுக்குன்னா நாம என்ன தரோம்?”

“என்ன தரோம்?”

“பேதி உப்பு.”

தாவர சாஸ்திரத்தின் இந்த முன்னேற்றத்தை ரெமிஜியஸ் பிள்ளை தலையசைத்து வரவேற்றார். இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். பவுலின் அம்மாள் ஒரு தட்டு நிறைய கிறிஸ்துமஸ் பலகாரம், கல்கல்லும் அச்சுமுறுக்கும், கொண்டுவந்து வைத்தாள். கல்கல்லின்மேல் சர்க்கரைப்பாகு வெள்ளையாகப் பூத்திருந்தது. ரெமிஜியஸ் பிள்ளை பாதித் தட்டைத் தனியாளாக முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

“உடம்பு நல்லா ட்ரிம்மாயிட்டீங்க சார்,” என்றார் ஜெயராஜ். “கோட்டு தோள்ல தொங்குது. முப்பது வயசுப் பையனாட்டம்.”

“காலையில எந்திரிச்சு நடக்கறேன். டிசிப்ளின்,” என்றார் ரெமிஜியஸ் பிள்ளை. கால்சட்டை வாரில் புதிதாகக் குத்திய மூன்றாவது ஓட்டையை அவர் பெருமையோடு காட்டினார்.

பேதி உப்பு போட்ட மூன்றாம் நாள் நம்பர் ஒன்று செத்தது.

அன்று மத்தியானம் ஆம்ப்ரோஸுக்குக் களி இறங்கவில்லை. கருவாட்டுக் குழம்பைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தான். பெர்னதெத் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“துன்னுய்யா. பட்டினி கெடந்தா செடி எந்திரிச்சு நிக்குமா?”

“உனுக்கு இன்னா. ஆறாந்தேதி மூட்டையத் தூக்கினு எங்க போறது? உன்னை இப்படி வெச்சுகினு?”

“எங்கயோ. மாதா கோயில் வாசல்ல குந்திக்கலாம். நான் செபஸ்தியாருக்கு உப்பு மிளகு போடறேன்னு நேர்ந்துகினு கீறேன்.”

“உப்பைக் கொண்டாந்து செடியில போட்டுட்டியா?” அவன் துள்ளி எழுந்தான்.

“கோயில்ல போடறதுக்குய்யா! பேஜாரு புடிச்ச மனுசா. செடியில போட எனக்கென்ன பைத்தியமா?”

அவன் மறுபடி உட்கார்ந்தான். ஆனால் உப்பு என்ற சொல் மனசில் ஒட்டிக்கொண்டது. கையைக் கழுவிவிட்டு, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி லிங்கராஜபுரத்துக்கு நடந்தான். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கீரையும் காய்கறியும் போடுகிற, கன்னடம் கலந்து பேசும் முனிவெங்கடப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். ரெமிஜியஸ் பிள்ளை பகல் தூக்கத்தில் இருக்கிற நேரம். இருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக வந்தார்கள்.

முனிவெங்கடப்பா முதலில் செத்த செடியின் தண்டை அறுத்து, ஒரு கிளாஸ் தண்ணீரில் தொங்கவிட்டான். கால் மணி நேரம் இரண்டு பேரும் குந்தியிருந்து கிளாசையே பார்த்தார்கள்.

“வாடல் நோவுன்னா பாலு மாதிரி எறங்கும். எறங்கல. நோவு இல்ல கணப்பா.” வேரைப் பிடுங்கிப் பார்த்தான். நுனியெல்லாம் சுட்டதுபோலப் பழுப்பு. பிறகு மேல்மண்ணை விரலால் வழித்தான். வெள்ளையாகப் பூத்திருந்தது. மோந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தான். “உப்பேறி வெந்துபோயிருக்கு. யாரோ தெனமும் காரமா ஏதோ ஊத்தறாங்க. ஊத்தறது எட்டாவது செடி வரைக்கும் வருது. அப்பறம் பாத்திரம் கழுவின தண்ணி கடைசி நாலுக்குப் போவுது போல. அதான் அது மட்டும் கொழுத்திருக்கு. இதே சரக்கு, ஒண்ணுக்குப் பத்து தண்ணி கலந்தா எரு. அப்படியே ஊத்தினா வெசம்.”

“இன்னா சரக்குய்யா அது?”

முனிவெங்கடப்பா விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். மண்ணிலேயே கண்ணை வைத்திருந்தான். செத்த செடியின் அடியிலிருந்து எட்டாம் நம்பர் வரை ஒரு கறுப்புக் கோடு அசைந்துகொண்டிருந்தது. சிற்றெறும்பு. ஆயிரக்கணக்கில்.

“இதுல பெல்லம் கரைச்சு வெச்சிருக்கியா?”

“வெல்லமா? நான் ஏன் வெக்கிறேன்?”

“அப்ப யாருக்கோ ஒடம்பு சரியில்ல,” என்றான் முனிவெங்கடப்பா. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, “பாத்தியை மூணு நாள் நல்ல தண்ணியில மூழ்கடி. வைக்கோல் போடு. ஊத்தறவனை நிறுத்து. சும்னே மருந்து தேடினு அலையாதே,” என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டான்.

ஆம்ப்ரோஸ் அறைக்கு ஓடினான். “பெர்னா, ராவுல நீ எங்க போறே?”

“எங்க போறேன்?”

“ஒண்ணுக்கு. ராவுல எந்திரிச்சு எந்திரிச்சுப் போறியே, எங்க?”

“கொல்லைப்பக்கம் வேலியோரம். இதெல்லாம் ஒரு கேள்வியா? ஊருல இருக்கற ஆம்பளைங்க பொண்டாட்டிகிட்ட கேக்கற கேள்வியா இது?”

“பாத்தியில போறியா?”

அவள் கையில் கிடைத்த கரண்டியை எடுத்தாள். அவன் விஷயத்தைச் சொன்ன பிறகு கரண்டி மெதுவாகக் கீழே இறங்கியது. எறும்பு என்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

“எங்கப்பன் தங்கவயல்ல சொரங்க வேலையில கெடந்தப்ப, லைன் வீட்டுப் பின்னால அவரு போற எடத்துல இப்படித்தான் மொய்க்கும். நாங்க சிரிப்போம். அப்பன் வெல்லக்கட்டின்னு. அப்பறம் கால் கட்டைவெரல்ல ஒரு புண்ணு. ஆறவேயில்ல. கால் கறுத்துப்போயி... ஆறு மாசத்துல தூக்கினு போனாங்க.” வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். “யாருய்யா இது?”

அவனுக்குத் தெரியவில்லை. அவளோ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பாட் எடுக்க வர அம்மா சொல்லிச்சு,” என்றாள். அந்த வட்டாரத்து வீடுகளில் இரவு அறைக்குள் ஒரு எனாமல் பாத்திரம் வைப்பார்கள். காலையில் ஒரு அம்மாள் வீடு வீடாக வந்து அதை எடுத்துக் கொட்டிக் கழுவி வைப்பாள். எந்த வீட்டில் யாருக்கு என்ன கோளாறு என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும். பத்து மணிக்குள் தெருவுக்கும் தெரியும். “ரெண்டு மாசமா ஐயா ரூம் பாட்டு காலியாவே கீதாம். கழுவித் தொடைச்சு வெச்சிருக்காம். ‘உங்க ஐயாவுக்கு ராவெல்லாம் ஒண்ணுக்கே வராதா, ரெக்கை வெச்ச சம்மனசு மாதிரி’ன்னு சிரிக்குது.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் விடிவதற்குச் சற்று முன்னால் ஆம்ப்ரோஸ் கிணற்றடி வாழைக்குப் பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். பனியில் பல் அடித்துக்கொண்டது. கோயிலில் முதல் மணி அடித்தது. குளியலறைப் பின்கதவு திறந்தது.

கோட்டு, மப்ளர், தொப்பி. இரண்டு கையாலும் எனாமல் பாத்திரத்தை நெஞ்சுக்கு நேராக ஏந்திக்கொண்டு, காணிக்கை பவனியில் நடப்பதுபோல, ரெமிஜியஸ் பிள்ளை இறங்கி வந்தார். பாத்திரம் விளிம்புவரை நிறைந்திருந்தது. செத்த செடி இருந்த இடத்தைத் தாண்டி நம்பர் இரண்டின் முன்னால் நின்றார். வில்லையை உற்றுப் பார்த்தார். அளவாக ஊற்றினார். நம்பர் மூன்று. அளவாக ஊற்றினார். ஆபீசில் ஸ்டாம்பு பட்டுவாடா செய்வதுபோல எட்டு வரைக்கும் வரிசை தப்பாமல் வந்தார். பிறகு தொட்டியில் பாத்திரத்தை முக்கி அலசி, அந்தத் தண்ணீரைக் கடைசி நாலு செடிகளுக்குக் கொடுத்தார். பன்னிரண்டாம் செடிக்கும் வாழைக்கும் இடையில் நாலு முழம்கூட இல்லை. ஆம்ப்ரோஸ் மூச்சை அடக்கிக்கொண்டான். திரும்பும்போது கிழவருக்குத் தள்ளாடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தொப்பி இல்லாதிருந்தால், உடம்புக்கு முடியாத ஒரு வயசான மனுஷன் என்று யாருக்கும் தெரிந்திருக்கும்.

ராஜாக்கள் திருநாளுக்கு முதல் நாள் புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

“சொன்னா, அவரு செஞ்சதை நான் பார்த்தேன்னு ஆவும். அந்த நிமிசமே வெளிய.”

“சொல்லலைன்னா செடி செத்துச்சுன்னு வெளிய.”

“அதான்.”

“ரெண்டுலயும் வெளியதானே. சொல்லிட்டே போலாம். எங்கப்பனுக்கு யாரும் சொல்லல.”

ஆறாம் தேதி பூசை முடிந்து வந்ததும் விசாரணை தொடங்கியது. ரெமிஜியஸ் பிள்ளை வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூஜா. வலது காலில் மட்டும் ஷூ இல்லை. ஷூ கடித்த இடத்தில் பவுலின் அம்மாள் துணி சுற்றியிருந்தாள். அந்தத் துணியைப் பார்த்ததும் ஆம்ப்ரோசுக்குப் பெர்னதெத்தின் அப்பன் நினைவு வந்தது.

“எக்ஸ்ப்ளனேஷன்?”

“ஐயா... செடிக்கு நோவு இல்லீங்க.”

“நோவு இல்லை. பின்னே ஏன் சாகுது? சந்தோஷத்துலயா?”

“ஐயா, நான் பாத்ததைச் சொல்றேன். தப்புன்னா அடிங்க.” கையைக் கட்டிக்கொண்டான். “எவ்ளோ தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்கலீங்க. நல்லாத்தான் துன்னுது, ஆனா எளைச்சுகினே போவுது. ராவுல நிம்மதி இல்லீங்க. ஒரு சின்னக் காயம் பட்டாலும் ஆறமாட்டேங்குது.”

“செடிக்கா?”

“எறும்பு வருதுங்க ஐயா,” என்றான்.

ரெமிஜியஸ் பிள்ளை கூஜாவை எடுக்க நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார்.

“எறும்பா?”

“சிற்றெறும்புங்க. வெல்லம் போட்டாப்ல மொய்க்குது.”

“எந்த நம்பர்?”

“ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்குங்க. மத்த நாலுல இல்ல.”

தெருவில் ஒரு ஜட்கா வண்டி போயிற்று. அவர் கூஜாவைத் தள்ளி வைத்தார்.

“நீ... யாராவது ஏதாவது ஊத்தினதைப் பார்த்தியா?”

“பாக்கலீங்க.”

“பாக்கலை.”

“பாக்கவேயில்லீங்க ஐயா. ராவுல நான் பொணம் மாதிரித் தூங்குவேன்.”

ரெமிஜியஸ் பிள்ளை உள்பக்கம் எட்டிப் பார்த்தார். பவுலின் அம்மாள் சமையலறையில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். அவர் குரல் இறங்கிவிட்டது; அதில் சூப்பரின்டெண்டைக் காணோம். “எங்கப்பாவுக்கு முதல்ல ஒரு காலை எடுத்தாங்க. அப்பறம் இன்னொண்ணு. நான்தான் தூக்கிக்கிட்டுப் போய் வெயில்ல உக்காத்தி வெப்பேன். கடைசியில குழந்தை வெயிட்டுதான். எனக்கு அக்டோபர்லயே சந்தேகம். கொட்ட வர்ற அந்தப் பொம்பளை பாத்தா தெருவுக்கே ஊதிடுவா. இங்கிலீஷ் தோட்டப் புஸ்தகத்துல இது நல்ல உரம்னு போட்டிருந்தான்.”

“தண்ணி கலக்கச் சொல்லியிருப்பானுங்க ஐயா. ஒண்ணுக்குப் பத்து.”

“அடுத்த பக்கத்துல இருந்திருக்கும்,” என்றார் அவர். பிறகு துணி சுற்றிய காலையே பார்த்துக்கொண்டு, “ஆம்ப்ரோஸ், எனக்குப் பயமா இருக்கு,” என்றார்.

இப்படி ஒன்றை எந்த முதலாளியும் அவனிடம் சொன்னதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் கூஜாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினான். அது தப்போ என்று பயந்து மறுபடி பின்னுக்கு இழுத்தான்.

“இப்பல்லாம் ஊசி போடறாங்களாம் ஐயா. போலாம். நான் கூட வரேன்.”

“பவுலினுக்குத் தெரிய வேண்டாம். கண்ணாடி மாத்தப் போறேன்னு சொல்லிக்கலாம்.”

பவுலின் அம்மாளுக்கு அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. கண்ணாடி மாற்றப் போனவர் தொடையில் ஊசி போட்டுக்கொண்டு, கம்பும் கேழ்வரகும் எழுதிய ஒரு சீட்டோடு வந்தால் எந்தப் பெண்சாதிக்கும் தெரியும். அவள் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு கல்கல் டப்பாவைத் தூக்கிப் பெர்னதெத் கையில் கொடுத்துவிட்டாள். காலுக்கு ஆபத்தில்லை, கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். தினமும் காலையில் ஜட்கா வந்தது; ரெமிஜியஸ் பிள்ளை ஏறினார்; பக்கத்தில் ஆம்ப்ரோஸ் ஏறினான். ஊசியைக் கண்டதும் அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். ரூமைக் காலி பண்ணுகிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. எழுந்துவிடுமோ என்ற பயம் மட்டும் ஒவ்வொரு காலையிலும் ஜட்காவில் அவனோடு கூடவே போய் வந்தது.

பாத்தியை மூன்று நாள் கிணற்றுத் தண்ணீரில் மூழ்கடித்து, மேலே வைக்கோல் போட்டான். இரண்டிலிருந்து ஐந்து வரை பிழைக்கவில்லை. ஆறும் ஏழும் எட்டும் கணுவில் புதிதாகத் துளிர்த்தன. கடைசி நாலு செடியில் பழங்கள் ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி கனம், விரிசல் இல்லை, மச்சம் இல்லை. ஆம்ப்ரோஸ் அதில் ஆறைப் பொறுக்கி மூன்று தரம் கழுவினான். பெர்னதெத் நாலாவது தரம் கழுவினாள்.

கண்காட்சியில் அந்தத் தட்டுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கோப்பை இல்லை, ஒரு அட்டை. நடுவர்களில் ஒருவர் ஒரு பழத்தை நறுக்கித் தின்று பார்த்து, இவ்வளவு ருசிக்கு என்ன காரணம் என்று விசாரித்தார். விண்ணப்பப் பாரத்தை எடுத்துப் படித்தார்கள். அதில் ‘இட்ட உரம்’ என்ற கட்டத்தில் ரெமிஜியஸ் பிள்ளை அழகான கையெழுத்தில் ‘ஆட்டுப் புழுக்கை’ என்று எழுதியிருந்தார். சாட்சிக்கு அதன் கீழே தோட்டக்காரன் ஆம்ப்ரோஸ் கைநாட்டு வைத்திருந்தான்.

அந்த வீட்டில் ஆடு கிடையாது.